பட்டறை உலைக்குப் பல எரிவாயு சிலிண்டர்கள்: இணைக்கும் முறையும் காக்கும் முறையும்

கொல்லுப்பட்டறை இல்லாத கிராமம் நம் நாட்டில் முன்னாளில் இல்லை எனலாம். கரியும் துருத்தியும் கொண்டே கலப்பைக் கொழுவையும் மண்வெட்டியையும் அரிவாளையும் ஆக்கித் தந்தார் கொல்லர். இன்றோ நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 1958ஆம் ஆண்டு கிண்டியிலும் 1964ஆம் ஆண்டு அம்பத்தூரிலும் தொழிற்பேட்டைகள் அமைந்தன. 1961ஆம் ஆண்டு ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை தோன்றியது. இவற்றுக்கு உதிரிப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் நாளடைவில் பெருகின. நகரில் இடமும் வாடகையும் நெருக்கவே, அவற்றுட் பல பூவிருந்தவல்லி, வில்லிவாக்கம் ஒன்றியங்களைச் சேர்ந்த கிராமங்களின் எல்லைக்குள்ளும் வந்து சேர்ந்துள்ளன. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைந்ததும், 2019இல் ஆவடி மாநகராட்சி ஆனதும் இவ்வளர்ச்சியின் அடையாளங்களே.

இப்பட்டறைகளில் கரியின் இடத்தை எல்.பி.ஜி. என வழங்கும் திரவ எரிவாயு பெற்றுவிட்டது. டிராக்டர் கலப்பையின் கத்தியைக் காய்ச்சி வளைக்கும் உலை, பித்தளைப் பற்றுவைக்கும் அடுப்பு, இரும்புச் சாமான்களுக்குப் பௌடர் கோட்டிங் செய்து 180 முதல் 200 டிகிரி வரை சுடவைக்கும் சூடேற்றி ஆகிய யாவும் இவ்வாயுவால் இயங்குகின்றன. புகை குறைவு; சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் எளிது; கரி கிடைக்கவில்லையே என்ற கவலையும் இல்லை. ஆயின் ஒரு சிலிண்டர் போதாத இடத்தில் பல சிலிண்டர்களை எங்ஙனம் இணைப்பது என்பதைப் பலர் அறியாமலே செய்து வருகின்றனர். பட்டறை வைத்திருப்போர் மட்டுமன்றி, அதற்கு இசைவு வழங்கும் ஊராட்சியினரும், தம் நிலத்தின் ஓரத்தில் கொட்டகை போட்டு வாடகைக்கு விடும் உழவர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று.

சிலிண்டரில் பனி பூப்பது ஏன்?

குளிர் நாடுகளில் வாழ்வோர் பனிக்காலத்தில் பட்டறையைச் சூடாக்கிக் கொள்ள, புரொப்பேன் அடைத்த சிறு கலங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்துச் சூடேற்றியுடன் இணைப்பது வழக்கம். நமக்கோ குளிர்காய வேண்டிய தேவையே இல்லை. எனினும் நம் பட்டறைகளிலும், சித்திரை வெயிலிற்கூட, ஓடிக்கொண்டிருக்கும் சிலிண்டரின் அடிப்பகுதியில் நீர் முத்து முத்தாக வியர்த்து, பின்னர் வெண்பனியாக உறைவதைக் காணலாம். உடனே சுடர் சிறுத்து, உலையின் சூடு இறங்கிவிடுகிறது. ‘வாயு தீர்ந்துவிட்டது’ என்று சிலர் எண்ணுகின்றனர். ‘சிலிண்டர் கோளாறு’ என்று சிலர் கூறுகின்றனர். இரண்டும் சரியல்ல.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பகுதி திரவமே. அத்திரவம் ஆவியாகி மேலெழுந்த பின்னரே குழாய் வழியாக அடுப்புக்குச் செல்கிறது. தண்ணீர் ஆவியாக வெப்பம் வேண்டுவதைப் போல இத்திரவத்திற்கும் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ திரவம் ஆவியாவதற்கு ஏறத்தாழ 85 கிலோ கலோரி செலவாகிறது. 85 லிட்டர் நீரின் சூட்டை 1 டிகிரி உயர்த்தப் போதுமான வெப்பம் இது. இவ்வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தும், சிலிண்டரின் எஃகுச் சுவரிலிருந்தும், சுவரைத் தொடும் காற்றிலிருந்துமே எடுத்துக்கொள்ள இயலும்.

ஓர் எளிய கணக்குப் பார்ப்போம். வெளியிலிருந்து வெப்பமே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். நிறைந்துள்ள 19 கிலோ சிலிண்டரிலிருந்து ஒரு கிலோ வாயுவை எடுத்தால், எஞ்சிய திரவத்தின் சூடு சுமார் 6 அல்லது 7 டிகிரி குறையும். அதே சிலிண்டரில் 5 கிலோ மட்டும் எஞ்சியிருக்கும்போது ஒரு கிலோ எடுத்தால் சுமார் 17 டிகிரி குறையும். இரண்டு கிலோ எடுத்தாலோ குறைவு 30 டிகிரிக்கும் மேற்பட்டுவிடும். அதாவது, 30 டிகிரி சூடுள்ள நாளில் தொடங்கிய சிலிண்டர் பனிக்கட்டியின் நிலைக்குக் கீழே போய்விடும். நடைமுறையில் காற்றும் ஓரளவு வெப்பம் தருமாதலால் இறக்கம் சற்று மெதுவாகவே நிகழும். ஆயினும் திரவம் நனைக்கும் சுவரின் வழியேதான் அவ்வெப்பம் நன்கு உட்புகும். திரவம் குறையக் குறைய நனைந்த சுவரும் குறைகிறது. ஆகவே சிலிண்டர் காலியாகும் தறுவாயில் தொல்லை இரட்டிப்பாகிறது.

இனி, குளிர்ந்தால் அழுத்தம் குறைவது ஏன் என்பதையும் அறிதல் வேண்டும். நம் நாட்டு எரிவாயு புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் பூச்சியத்திற்குக் கீழே 42 டிகிரியிலேயே கொதிக்கும். பியூட்டேனோ ஏறத்தாழப் பூச்சியம் டிகிரியிலேதான் கொதிக்கும். 30 டிகிரிச் சூட்டில் தனிப் புரொப்பேனின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 10 கிலோ. தனிப் பியூட்டேனின் அழுத்தம் சுமார் 2 கிலோ. கலவையின் அழுத்தம் இவ்விரண்டுக்கும் இடையில் அமையும். எளிதில் கொதிக்கும் புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேறுவதால், அடியில் எஞ்சுவது பெரும்பாலும் பியூட்டேனே. சிலிண்டர் பனி நிலைக்குக் குளிர்ந்தால் பியூட்டேனுக்கு வெளியே தள்ளும் ஆற்றல் அறவே இராது. வாயு உள்ளேயே இருந்தும் அடுப்பு அணைவது இதனால்தான்.

செய்யக் கூடாத பரிகாரங்கள்

சுடர் தாழ்ந்ததும் வேலை தடைப்படுகிறது. கொடுத்த தவணையில் சாமானை முடித்துத் தர வேண்டுமே என்ற பதற்றத்தில் தொழிலாளர் கைக்குத் தோன்றியதைச் செய்துவிடுகின்றனர். கொதிநீரைச் சிலிண்டர்மீது ஊற்றுவோரும், வெந்நீர்த் தொட்டியில் அதனை நிறுத்துவோரும் உண்டு. உலையின் அருகே நகர்த்தி வைப்போரும், பற்றவைக்கும் சுடரையே அதன் அடியில் காட்டுவோருங்கூட உண்டு. இவை யாவும் உயிரோடு விளையாடுவதாகும். சிலிண்டரின் திரவம் சூடேறும்போது விரைந்து விரியும் இயல்புடையது. அதற்கு இடம் தரும் பொருட்டே சிலிண்டரின் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விட்டு நிரப்புகின்றனர். அந்த இடமும் நிறைந்துவிட்டால் எஃகுச் சுவரும் தாங்காது.

சிலிண்டரைப் படுக்க வைப்பதும், தலைகீழாகக் கவிழ்ப்பதும் இன்னொரு தவறு. அப்போது ஆவிக்குப் பதில் திரவமே ரெகுலேட்டருக்குள் புகும். ஒரு பங்கு திரவம் ஏறத்தாழ 250 பங்கு ஆவியாக விரியுமாதலால், அடக்கமாக எரிந்த சுடர் திடீரென ஆளுயரம் எழும். சாதாரண சிலிண்டர் எப்பொழுதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும்.

எத்தனை சிலிண்டர்கள் வேண்டும்?

நேர்மையான பரிகாரம் ஒன்றே. ஒரு சிலிண்டரிடம் கேட்கும் வேலையைப் பலவற்றுக்குப் பங்கிட்டுத் தருதல் வேண்டும். அவ்வாறு பங்கிடும் குழாய் அமைப்பையே ‘மேனிஃபோல்டு’ என்கின்றனர்.

முதலில் உலையின் தேவையை அறிய வேண்டும். பர்னரின் பெயர்த்தகட்டில் ஒரு மணிக்கு இத்தனை கிலோ கலோரி என்று எழுதியிருக்கும். ஒரு கிலோ எரிவாயு தரும் வெப்பம் ஏறத்தாழ 10,800 கிலோ கலோரி. பர்னர் மணிக்கு 21,600 கிலோ கலோரி வேண்டுவதாயின், செலவு மணிக்கு 2 கிலோ. இடைவிடாது ஓடும் வேலைக்கு ஒரு 19 கிலோ சிலிண்டரிலிருந்து மணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் எதிர்பார்க்கலாகாது என்று எச்சரிக்கையாகக் கணக்கிடுவது நலம். அப்படியாயின் நான்கு சிலிண்டர்கள் ஒருங்கே ஓட வேண்டும். இடையிடையே நிறுத்தி நிறுத்திச் செய்யும் வேலைக்கு, ஓய்வு நேரத்தில் சிலிண்டர் மீண்டும் காற்றின் சூட்டைப் பெற்றுக்கொள்ளும். ஆகவே குறைவான எண்ணிக்கையும் போதலாம். இறுதி முடிவை எரிவாயு வழங்கும் நிறுவனத்தின் பொறியாளரைக் கொண்டு செய்துகொள்ளுதல் வேண்டும்.

இங்கே சட்டத்தின் எல்லை ஒன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். 2016ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர்கள் விதிகளின்படி, ஒரே சமயத்தில் 100 கிலோ வரை எல்.பி.ஜி. வைத்திருக்க உரிமம் தேவையில்லை. அதற்கு மேற்பட்டால், நாகபுரியைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் பெற வேண்டும். ஐந்து 19 கிலோ சிலிண்டர்கள் 95 கிலோ ஆகின்றன. ஆறாவது சிலிண்டர் வந்தால் 114 கிலோ. குழாயில் இணைத்தவை மட்டுமன்றி, மாற்றுக்காக மூலையில் நிறுத்தியவையும் இக்கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். மேற்சொன்ன பட்டறை நான்கை ஓடவிட்டு ஒன்றை மாற்றாக வைத்தால் எல்லைக்குள் அடங்கும். நான்குக்கு நான்கு மாற்று வைத்தால் 152 கிலோ, உரிமம் இன்றியமையாதது. எண்ணிக்கையைக் குறைக்க விரும்புவோர் 47.5 கிலோ பெரிய சிலிண்டர்கள் இரண்டைக் கொள்ளுவதும் உண்டு. அவையும் கூடி 95 கிலோவே.

இணைப்பின் உறுப்புகள்

சிலிண்டரிலிருந்து உலை வரையில் உறுப்புகள் கீழ்க்கண்ட வரிசையில் அமைய வேண்டும்.

1. ஒவ்வொரு சிலிண்டரின் வால்விலிருந்தும் புறப்படும் உயரழுத்த இணைப்புக் குழாய். வீட்டடுப்பின் ரப்பர் குழாய் இதற்கு உதவாது. வீட்டு ரெகுலேட்டர் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு 30 கிராம் அளவுக்குத் தாழ்த்திய பிறகே அக்குழாயில் வாயு செல்கிறது. இங்கோ சிலிண்டரின் முழு அழுத்தமும் குழாயைத் தாக்கும்.

2. ஒவ்வோர் இணைப்புக் குழாயின் முடிவிலும் ஓர் ஒருவழி வால்வும், ஒரு கைவால்வும்.

3. இவை யாவும் வந்து சேரும் தலைக்குழாய். இது தையலற்ற எஃகுக் குழாயாக, சுவரில் உறுதியாகப் பிணிக்கப்பட்டதாக, அழுத்தச் சோதனை செய்யப்பட்டதாக இருத்தல் வேண்டும்.

4. அழுத்தமானி. சிலிண்டர்கள் களைத்துப் போவதை முன்கூட்டியே அறிவிக்கும் கருவி இதுவே.

5. அழுத்தத்தை இரு படிகளில் தாழ்த்தும் ரெகுலேட்டர்கள். முதலாவது சிலிண்டர்களின் அருகிலும், இரண்டாவது உலையின் அருகிலும் அமையும்.

6. உலையின் பக்கத்தில், ஆனால் சுடர் எட்டாத தூரத்தில், எவரும் ஓடிவந்து மூடக்கூடிய அவசர வால்வு.

7. சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் காப்புக் கருவி பொருந்திய பர்னர்.

இவற்றுள் ஒருவழி வால்வைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் அவசியம். செலவைக் குறைக்க எண்ணுவோர் முதலில் விட்டுவிடுவது இதனையே. இரண்டு சிலிண்டர்கள் வெறும் ‘டி’ குழாயால் இணைந்திருப்பதாகக் கொள்வோம். ஒன்று வெயிலில் நிற்கிறது. மற்றொன்று நிழலில் நிற்கிறது. வெயிலில் நிற்பதன் அழுத்தம் மிகும். அதன் ஆவி உலைக்குப் போவதோடு நில்லாது, குளிர்ந்த சிலிண்டருக்குள்ளும் புகுந்து அங்கே மீண்டும் திரவமாகும். உலை அணைந்திருக்கும் இரவு முழுவதும் இது நிகழக்கூடும். இவ்வாறு ஒன்று, நிரப்பும் ஆலையில் வைத்த அளவையும் மீறி நிறைந்துவிட்டால், மறுநாள் வெயிலில் விரிய இடமில்லாமல் போகும். புதிய சிலிண்டரையும் பாதி தீர்ந்த சிலிண்டரையும் ஒன்றாக இணைக்கும்போதும் இதே அபாயம் உண்டு. ஏனெனில் புதியதில் புரொப்பேன் மிகுதி, பழையதில் பியூட்டேன் மிகுதி. அன்றியும், ஒரு சிலிண்டரைக் கழற்றும்போது தலைக்குழாயில் உள்ள வாயு திரும்பி வெளியே பீறிடாமல் தடுப்பதும் இவ்வால்வே. ஆகவே ஒருவழி வால்வு இல்லாத இணைப்பை இணைப்பு என்றே கொள்ளலாகாது.

நிறுத்தும் இடம்

சமையல் வாயு காற்றினும் கனமானது. புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும், பியூட்டேன் இரு மடங்கும் எடையுள்ளவை. கசிந்த வாயு மேலே போய்க் கலையாமல், நீரைப்போல் தரையோடு படர்ந்து பள்ளத்தில் தங்கும். காற்றில் நூற்றில் இரண்டு பங்கு கலந்தாலே தீப்பற்றும் நிலையை அடைந்துவிடும். 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் இரவு கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலா என்னுமிடத்தில் எரிவாயு லாரி ஒன்று கவிழ்ந்தது. கசிந்த வாயு அருகிலிருந்த குடியிருப்புகளிடையே பரவிய பின்னரே தீப்பற்றியது; இருபது பேர் மாண்டனர். அளவில் சிறிதாயினும் பட்டறைச் சிலிண்டரின் வாயுவும் இவ்வாறே நடந்துகொள்ளும்.

எனவே சிலிண்டர்களைப் பட்டறைக்கு வெளியே, மேலே நிழல் தரும் கூரையும், அடியில் காற்றோட்டமுள்ள கம்பி வலைச் சுற்றும் உடைய மேட்டு மேடையில் நிறுத்துக. தரை மட்டத்திற்குக் கீழான அறை, கிணற்றடி, சாக்கடை மூடி, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றின் அருகில் நிறுத்தலாகாது. நம் பகுதியின் பல மனைகள் ஏரிக்கரைத் தாழ்நிலங்கள். மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடத்தில் காலிச் சிலிண்டர் மிதந்து குழாயை முறித்துவிடுமாதலால், சங்கிலியால் சுவரோடு பிணித்தல் வேண்டும். வெல்டிங் பொறி, அரைக்கும் சக்கரம், மின் சுவிட்சு ஆகியவற்றுக்கும் சிலிண்டருக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் இருக்கட்டும். வைக்கோற்போரும் வறட்டிக் குவியலும் அதனினும் தொலைவில் இருத்தல் நன்று.

உலை எரியும் கொட்டகையின் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தல் ஆகாது. காற்றுப் போதாத இடத்தில் எரியும் வாயு, மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். தலைவலியும் மயக்கமும் கண்டால் வேலையாட்களை உடனே வெளிக்காற்றுக்குக் கொணர வேண்டும்.

அன்றாட ஒழுங்கு

சிலிண்டரை வாங்கும்போதே அதன் கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படிக்க வேண்டும். ‘ஏ’ என்பது மார்ச்சு வரையிலும், ‘பி’ ஜூன் வரையிலும், ‘சி’ செப்டம்பர் வரையிலும், ‘டி’ டிசம்பர் வரையிலும் எனப் பொருள்படும். அடுத்துள்ள எண் ஆண்டைக் குறிக்கும். அத்தவணை கடந்த சிலிண்டரை ஏற்காமல் திருப்பி அனுப்பலாம். அது வாங்குவோரின் உரிமை.

சிலிண்டர் மாற்றும் முன்னர் உலையை அணைத்து, அந்தச் சிலிண்டரின் வால்வையும் அதற்குரிய கைவால்வையும் மூட வேண்டும். மாற்றிய பின்னர் ஒவ்வொரு பொருத்திலும் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துக் கசிவு தேடும் வழக்கம் அறவே ஒழிய வேண்டும். வேலை முடிந்ததும் உலையின் வால்வை மட்டும் மூடிவிட்டுப் போதல் போதாது. சிலிண்டர்களின் வால்வுகளையும் மூடியாக வேண்டும்.

வாயுவுக்கு இயல்பாக மணம் கிடையாது. கசிவை அறிவதற்காகவே எத்தில் மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளைச் சேர்க்கின்றனர். அந்நாற்றம் வீசினால் மின் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. வால்வை மூடி, ஆட்களை வெளியேற்றி, 1906 என்ற எரிவாயு அவசர எண்ணுக்கு அறிவிக்க வேண்டும். கசியும் வாயு எரிந்துகொண்டிருந்தால், வால்வை மூடுவதே முதல் வேலை. வால்வை மூடாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத வாயு பரவி முன்னினும் பெரிய கேட்டை விளைக்கும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வீட்டுச் சிலிண்டரைப் பட்டறைக்குக் கொணர்தல்

விலை குறைவு என்பதனால் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர்களைச் சேர்த்து உலையை ஓட்டுவோர் சிலர் உளர். 2000ஆம் ஆண்டு திரவ எரிவாயு வழங்கல் ஒழுங்குமுறை ஆணையின்படி இது குற்றம். குற்றம் என்பதோடு நில்லாமல், அச்சிலிண்டரின் வால்வும் ரெகுலேட்டரும் வீட்டடுப்பின் சிறு செலவுக்கென அமைந்தவையாதலால், பட்டறையின் பெருஞ்செலவை அவை தாங்கா. உழவர் ஒருவர் தம் வீட்டுச் சிலிண்டரை உபகாரமாக அண்டைப் பட்டறைக்குக் கொடுப்பாராயின், பின்னர் நேரும் விபத்தில் அவரும் பதில் கூற வேண்டி வரும்.

ஊராட்சியின் கடமை

1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், தொழிற்கூடம் அமைக்கவும் இயந்திரம் நிறுவவும் முன்னிசைவு வேண்டும் என விதிக்கிறது. அந்த இசைவு வெறும் கையெழுத்தாக முடிந்துவிடலாகாது. விண்ணப்பம் வரும்போதே ஊராட்சியினர் ஐந்து கேள்விகளைக் கேட்கலாம். மணிக்கு எத்தனை கிலோ வாயு செலவாகும்? ஒரே சமயத்தில் எத்தனை சிலிண்டர்கள் மனையில் இருக்கும்? 100 கிலோவுக்கு மேற்பட்டால் உரிமம் உண்டா? ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒருவழி வால்வு பொருத்தப்பட்டுள்ளதா? சிலிண்டர் மேடை எங்கே? இவற்றுக்கு விடை கூற இயலாதவர் பட்டறை தொடங்க இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதே பொருள்.

இக்கேள்விகள் தொழிலை முடக்குவதற்கு அல்ல. ஒருவழி வால்வும் உயரழுத்தக் குழாயும் வாங்கும் செலவு, வளர்ந்துவரும் ஒரு பட்டறைக்குப் பெரும் பாரம் ஆகாது. ஆனால் அவை இல்லாத பட்டறையில் உலையின் முன் நிற்பவன், பெரும்பாலும் நம் கிராமத்திலிருந்தே வேலைக்குப் போன இருபது வயது இளைஞன். அவன் கற்றது தன் முதலாளி செய்து காட்டியதையே. வெந்நீர் ஊற்றுவதை அவர் செய்தால் இவனும் செய்வான். வால்வை மூடுவதை அவர் செய்தால் இவனும் செய்வான்.

திருமண மண்டபத்தின் சமையற்கூடத்திலும், மகளிர் குழுவினர் நடத்தும் உணவுக் கூடத்திலும் பல சிலிண்டர்களை இணைக்கும்போது இதே முறைகளைக் கைக்கொள்ள வேண்டும். ஒவ்வோர் ஊராட்சியும் கிராம சபைக் கூட்டம் ஒன்றில் எரிவாயு வழங்குநரையும் தீயணைப்பு நிலைய அலுவலரையும் அழைத்து, சோப்பு நீர்ச் சோதனையையும் சிலிண்டர் மாற்றும் முறையையும் மக்கள் முன் செய்து காட்டச் சொல்லலாம். இதற்கு ஒரு மணி நேரம் போதும். பனி பூத்த சிலிண்டரைக் கண்டால் வெந்நீர் தேடாமல், ‘இன்னும் ஒரு சிலிண்டரை முறையாக இணைக்க வேண்டும்’ என்று ஒவ்வொரு தொழிலாளியும் அறிந்து சொல்லும் நிலை நம் கிராமங்களில் ஏற்படுமாயின், அதுவே இக்கூட்டத்தின் பயனாகும்.